இடமும் தோற்றமும்: சில ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் பொருள் வரலாறும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கப்படும் சட்ட நூல்கள், ஆட்சி ஆவணங்கள், அறிவியல் நூல்கள் ஆகியவற்றில் மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த இடர் தருவன அருஞ்சொற்கள் அல்ல, பொதுச்சொற்களே ஆகும். அருஞ்சொல்லுக்குக் கலைச்சொல் அகராதி துணைநிற்கும். ஐயம் எழும்போது வல்லுநரைக் கேட்கலாம். பொதுச்சொல்லிலோ ஐயமே எழுவதில்லை. ‘பிளேஸ்’ என்றால் இடம், ‘ஆரிஜின்’ என்றால் தோற்றம், ‘ஸோர்ஸ்’ என்றால் மூலம் என எழுதுகோல் தானாகவே ஓடிவிடுகிறது. பிழை நேர்வதும் அங்கேதான்.

இடத்தையும் தொடக்கத்தையும் குறிக்கும் சில ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் வரலாற்றையும், அவற்றுக்கு ஈடாக வழங்கும் தமிழ்ச் சொற்களின் பொருட்பரப்பையும் ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு சொல்லின் பழம்பொருளே அதன் உண்மைப் பொருள் என்பது இங்குக் கொள்கையன்று. சொல்லின் இன்றைய பொருளை இன்றைய வழக்கே உறுதிப்படுத்துகிறது. எனினும் ஒரு சொல் எந்தக் காட்சியிலிருந்து பிறந்ததோ அக்காட்சியின் சாயல், அச்சொல் எச்சொற்களோடு சேரும், எவற்றோடு சேராது என்பதில் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் அறியவேண்டுவது இந்தச் சாயலையே எனலாம்.

2. தொடக்கம் குறிக்கும் சொற்கள்

2.1 எழுதல்

‘ஆரிஜின்’ என்னும் சொல் இலத்தீன் மொழியின் ‘ஓரிகோ’ என்பதிலிருந்து வந்தது. அதன் வினையடி ‘ஓரிரி’, பொருள் ‘எழுதல்’. ஞாயிறும் திங்களும் எழுவதை இவ்வினை குறித்தது. இதே வினையின் எச்ச வடிவமே கீழ்த்திசையைக் குறிக்கும் ‘ஓரியண்ட்’ ஆயிற்று. ஆகவே ஆங்கிலத்தில் தோற்றமும் கிழக்கும் ஒரு வேரில் கிளைத்த சொற்கள். தமிழில் கிழக்கு என்னும் சொல் ‘கீழ்’ என்பதையும், மேற்கு என்பது ‘மேல்’ என்பதையும் அடியாகக் கொண்டவை. இலத்தீன் மொழியினர் ஞாயிற்றை நோக்கித் திசைக்குப் பெயரிட்டனர். தமிழர் நிலத்தின் சரிவை நோக்கிப் பெயரிட்டனர்.

‘ஸோர்ஸ்’ என்பதும் எழுதலைக் குறித்த சொல்லே. இலத்தீன் ‘சுர்கெரே’ என்னும் வினை பழைய பிரெஞ்சு மொழியில் ‘சூர்த்ர்’ எனத் திரிந்து, அதன் பெயர் வடிவம் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. நிலத்திலிருந்து நீர் மேலெழும் இடமே இதன் தெளிவான முதற்பொருள். ஆங்கிலக் கவிஞர் சாசர் இதே சொல்லைப் பறவை விண்ணோக்கி எழும்புவதற்கும் ஆண்டுள்ளார். வளத்தைக் குறிக்கும் ‘ரிஸோர்ஸ்’, கிளர்ச்சியாளரைக் குறிக்கும் ‘இன்சர்ஜெண்ட்’ ஆகியனவும் இவ்வினைவழி வந்தவையே.

‘ஸ்பிரிங்’ என்பது ஆங்கிலத்தின் சொந்த ஜெர்மானியச் சொல். துள்ளுதல், குதித்தல் என்பன இதன் வினைப்பொருள். நிலத்திலிருந்து துள்ளி வரும் நீர் ஊற்றாயிற்று. தளிர் துள்ளி வரும் பருவம் இளவேனிலாயிற்று. அழுத்தினால் துள்ளும் கம்பிச்சுருள் சுருள்வில்லாயிற்று. இப்பருவத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய ‘லென்க்டென்’ என்னும் சொல், பகற்பொழுது நீள்வதைக் குறித்தது என்பர். அது பின்னர்க் கிறித்தவர்களின் தவக்காலத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிட, அதன் இடத்தை ‘ஸ்பிரிங்’ பிடித்துக்கொண்டது. ஆங்கிலம் ஒரு சொல்லால் கட்டியதைத் தமிழ் ஊற்று, இளவேனில், சுருள்வில் என மூன்றாகப் பிரித்துரைக்கிறது. ஒரு சொல்லில் மூன்று பொருளையும் வைத்து விளையாடும் ஆங்கிலச் சொல்நயம் தமிழில் எட்டாமைக்குக் காரணம் இதுவே.

இம்மூன்று சொற்களும் எழுதல் என்னும் ஒரு கருத்தில் பிறந்தனவாயினும் இன்று ஒன்றுக்கொன்று ஈடாவதில்லை. ‘ஆரிஜின்’ ஒரு பொருள் எவ்வாறு உண்டாயிற்று என்னும் கேள்விக்கு விடையாவது. ‘ஸோர்ஸ்’ ஒரு பொருள் எங்கிருந்து இன்றளவும் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு விடை. முன்னது முடிந்துபோன நிகழ்ச்சியாகலாம். பின்னது வற்றாத வரவு. செய்தியாளருக்குச் செய்தி தருபவர் ‘ஸோர்ஸ்’ எனப்படுகிறார், ‘ஆரிஜின்’ எனப்படுவதில்லை. மின் வழங்கும் கருவிக்கும் இதுவே பொருந்தும். நீரூற்றின் சாயல் இங்கெல்லாம் மறையவில்லை.

2.2 வேர்

‘ரூட்’ என்பது நார்ஸ் மொழியிலிருந்து பழைய ஆங்கிலக் காலத்தின் இறுதியில் கடனாக வந்த சொல். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘வர்ட்’ இன்று சில மூலிகைப் பெயர்களின் ஈறாக மட்டுமே எஞ்சியுள்ளது. இலத்தீன் ‘ராடிக்ஸ்’ இவற்றின் உறவுச்சொல். அதிலிருந்து வந்த ‘ராடிக்கல்’ வேரோடு மாற்ற முனைவோரைக் குறித்தது.

வேர் என்னும் உருவகம் பல மொழிகளுக்குப் பொதுவானது. கணிதத்தில் வர்க்கமூலம் என்பதன் ‘மூலம்’ வடமொழியில் வேரைக் குறிக்கும். ஆரியபட்டரின் நூல் (499) வர்க்கமூலம் காணும் முறையைக் கூறுகிறது. அரபு மொழிக் கணிதமும் வேரைக் குறிக்கும் சொல்லையே ஆண்டது. அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே ஐரோப்பியக் கணிதத்தில் ‘ராடிக்ஸ்’ நிலைபெற்றது. இலக்கணத்திலோ தமிழ் தனக்கெனச் சொல் வைத்திருந்தது. நன்னூலார் பகுபத உறுப்புகளுள் முதலாவதைப் ‘பகுதி’ என்றார். இன்று மொழியியலில் வழங்கும் ‘வேர்ச்சொல்’ ஐரோப்பிய உருவகத்தின் வரவு. ‘அடிச்சொல்’ அதனினும் தமிழியல்புக்கு அணுக்கமானது.

2.3 தமிழ் ஈடுகளின் பரப்பு

மேற்கண்ட சொற்களுக்கு ஈடாகத் தமிழில் பெரிதும் வழங்குவன தோற்றம், மூலம், முதல், அசல், ஆதி, உற்பத்தி என்பன. இவற்றின் இயல்பும் நோக்கத்தக்கது.

‘தோற்றம்’ தோன்றுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆங்கிலச் சொல் எழுதலைக் குறிக்க, தமிழ்ச் சொல் கட்புலனாதலைக் குறிக்கிறது. இதனால் தோற்றம் என்பதற்கு உருவப்பொலிவு என்னும் பொருளும் உண்டு. நினைவஞ்சலி விளம்பரங்களில் ‘தோற்றம்’, ‘மறைவு’ என எதிர்நிலையாக அச்சிடுவர். அங்கு அது பிறந்த நாள். ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் தொடரை நூலின் பெயராகக் காணும் புதிய வாசகர் உருவ அமைப்பைப் பற்றிய நூல் எனவும் கொள்ள இடமுண்டு. டார்வினின் நூல் (1859) உயிர் முதன்முதலாக எவ்வாறு தொடங்கிற்று என்பதை விளக்க வந்ததன்று. முன்னிருந்த இனங்களிலிருந்து புதிய இனங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை விளக்க வந்தது. ஆகவே ஐயத்தை நீக்கும் நோக்கில் ‘தொடக்கம்’ என மாற்றினால், நூல் கூறாத கருத்தொன்று அதன் தலைப்பில் ஏறிவிடும்.

‘மூலம்’ வேரைக் குறிக்கும் வடசொல். ‘ஸோர்ஸ்’ என்பதற்கு இதனை ஆளும்போது நீர் உருவகம் தாவர உருவகமாக மாறுகிறது. இது குற்றமன்று. ஆனால் தமிழில் ‘மூலம்’ கருவிப்பொருள் தரும் சொல்லுருபாகவும் ஆகிவிட்டது. ‘மொழியின் மூலம்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். பாரிஸ் மொழியியல் கழகம் 1866ஆம் ஆண்டு விதிகளில் மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என அறிவித்தது. இதனை ‘மொழியின் மூலம் பற்றிய கட்டுரைகள்’ எனப் பெயர்த்தால், படிப்பவர் கண் முதலில் ‘மொழியைக் கொண்டு’ என்றே பொருள் கொள்ளும். அடுத்த சொல்லைக் கண்டபின் திரும்பிவர வேண்டும்.

மொழியியலார்க்கு இதனினும் பெரிய சிக்கல் ‘மூலமொழி’ என்னும் கலைச்சொல்லில் உண்டு. மொழிபெயர்ப்பியலில் எம்மொழியிலிருந்து பெயர்க்கப்படுகிறதோ அது மூலமொழி. வரலாற்று மொழியியலில் ஒரு குடும்பத்து மொழிகள் பிரிவதற்கு முன் இருந்ததாக மீட்டமைக்கப்படும் மொழியையும் சிலர் மூலமொழி என்கின்றனர். ஒன்று மொழிபெயர்ப்பாளர் முன் கிடக்கும் பனுவலின் மொழி. மற்றொன்று எப்பனுவலும் இல்லாத, ஒப்பீட்டால் பெறப்படும் மொழி. முன்னதைத் ‘தருமொழி’ எனவும் பின்னதைத் ‘தொல்மொழி’ எனவும் வேறுபடுத்தும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதனைப் போற்றுதல் நன்று. கடன்சொல் ஆய்வில் கடன் கொடுத்த மொழியும் தருமொழி எனப்படுவதால், ஒரே நூலில் இரண்டும் வருமாயின் முன்னுரையிலேயே வரையறை செய்தல் வேண்டும்.

‘அசல்’ அரபு மொழியில் வேர், அடி எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆக வேர், மூலம், அசல் ஆகிய மூன்றும் வெவ்வேறு மொழிகளில் வேரையே குறித்தன. தமிழில் அவை தத்தம் பணியைப் பிரித்துக்கொண்டன. நகலுக்கு எதிரானது அசல். உரைக்கு எதிரானது மூலம். மண்ணுக்குள் இருப்பது வேர். ‘ஒரிஜினல்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘முதலிலிருந்தே உள்ள’ என்னும் பொருளில் தொடங்கி, ‘பிறிதொன்றைப் பார்த்துச் செய்யாத’ என்றாகி, 18ஆம் நூற்றாண்டில் ‘முன்னில்லாத புதுமையுடைய’ என்னும் புகழுரையாயிற்று. எட்வர்டு யங் 1759இல் வெளியிட்ட நூல் இப்பொருளை இலக்கியத் திறனாய்வில் ஊன்றியவற்றுள் ஒன்று. பழமையைக் குறித்த சொல் புதுமையைக் குறிக்கும் நிலை இது. ‘மூலப்படைப்பு’ என்பது இவற்றுள் இரண்டாம் பொருளுக்கே பொருந்தும். மூன்றாவதற்குத் ‘தற்புதுமை’ போன்ற வேறு சொல் தேவை.

‘உற்பத்தி’ வடமொழியில் ‘மேலெழுதல், பிறத்தல்’ எனப் பொருள்படுவது. இலத்தீன் சொல்லின் காட்சிக்கு மிக நெருங்கியது இதுவே. இன்று இது பெரும்பாலும் தொழிற்சாலைச் சொல்லாகிவிட்டாலும், காவிரி தலைக்காவிரியில் உற்பத்தியாகிறது என்னும் வழக்கில் பழம்பொருள் உயிரோடுள்ளது. ஆற்றுக்கு உற்பத்தி, கணிதத்து ஆயங்களுக்கு ஆதிப்புள்ளி, சரக்குக்கு உற்பத்தி நாடு, உயிரினத்துக்குத் தோற்றம் என ஒரு ‘ஆரிஜின்’ தமிழில் பலவாகிறது. இப்பன்மை தமிழின் குறையன்று. எதன் தொடக்கம் என்பதைத் தமிழ் சொல்லிலேயே காட்டுகிறது.

3. இடம் குறிக்கும் சொற்கள்

‘பிளேஸ்’ என்பதன் மூதாதை கிரேக்கத்தின் ‘பிளாட்டெயா’. பொருள் ‘அகன்ற தெரு’. இலத்தீன் வழியாக இது இத்தாலியில் ‘பியாட்சா’ எனவும் ஸ்பெயினில் ‘பிளாசா’ எனவும் ஊர் நடுவிலுள்ள திறந்த சதுக்கத்தைக் குறிக்கலாயிற்று. பிரெஞ்சு மொழியில் இன்றும் சதுக்கத்துக்கு இச்சொல் வழங்குகிறது. ஆங்கிலத்தில்தான் இது வரம்பிழந்து எவ்விடத்தையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று.

அதற்கு முன் ஆங்கிலத்தில் இப்பணியைச் செய்தவை ‘ஸ்டெட்’, ‘ஸ்டோ’ என்பன. ‘ஸ்டெட்’ நிற்றல் என்னும் பொருளடியிலிருந்து வந்தது. வடமொழி ‘ஸ்தானம்’, பாரசீக ‘ஸ்தான்’ ஆகியன இதன் உறவினர். தமிழிலும் ‘நில்’ என்னும் வினையிலிருந்து நிலை, நிலையம் என இடப்பெயர்கள் பிறப்பது ஒப்பிடத்தக்கது. இது உறவாலன்றிச் சிந்தனை ஒப்புமையால் நேர்ந்தது. ‘ஸ்டெட்’ இன்று தனிச்சொல்லாக வழங்குவது அரிது. இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் போன்ற ஊர்ப்பெயர்களிலும், ‘இன்ஸ்டெட்’ என்னும் சொல்லிலும் அது தங்கியுள்ளது.

இங்கு ஒரு பொருள் மாற்றம் குறிப்பிடத்தக்கது. ‘ஒன்றின் இடத்தில்’ என்பது ‘ஒன்றுக்குப் பதிலாக’ எனப் பொருள்படுவதை ஆங்கிலம் மும்முறை செய்தது. சொந்தச் சொல்லால் ‘இன்ஸ்டெட் ஆஃப்’. பிரெஞ்சுவழிச் சொல்லால் ‘இன் பிளேஸ் ஆஃப்’. இலத்தீன் ‘லோகுஸ்’ பிரெஞ்சில் ‘லியூ’ எனத் திரிந்து ‘இன் லியூ ஆஃப்’. மூன்றும் ஒரே உருவகம், வழக்கிடம் வேறு. முதலாவது பேச்சுக்கும் எழுத்துக்கும் பொது. மூன்றாவது அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ‘பதிலாக’ என்னும் ஒரு சொல் மூன்றுக்கும் பொருந்துமாயினும், சட்ட வாசகத்தில் எது நீக்கப்பட்டு எது வைக்கப்படுகிறது என்பது தெளிவாகுமாறு ‘அதற்கு ஈடாக’, ‘அதற்கு மாற்றாக’ என வேறுபடுத்துவது நலம்.

‘சைட்’ இலத்தீன் ‘சிட்டுஸ்’ வழி வந்தது. வைக்கப்பட்ட நிலை என்பது அதன் பொருள். எனவே ஏதேனும் ஒன்று எழுப்பப்பட்ட அல்லது எழுப்பப்படவுள்ள இடமே ‘சைட்’. கட்டடத்துக்கு மனை, அகழாய்வுக்குக் களம், இணையத்துக்குத் தளம் எனத் தமிழ் பிரித்துரைப்பது இங்கும் பொருத்தமே.

தமிழின் ‘இடம்’ இவை யாவற்றினும் பரந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றையும் தமிழ் இலக்கணம் ‘இடம்’ என்றது. பேசுவோன், கேட்போன், பேசப்படுவது என்னும் வேறுபாட்டை ஐரோப்பிய இலக்கணம் ஆளாகக் கண்டது. தமிழ் இலக்கணம் இடமாகக் கண்டது. ‘அவரிடம்’ என உயர்திணைப் பெயருக்கு உருபாக வருவதும் இச்சொல்லே.

4. பிறப்பும் இடமும் சேருமிடம்

தோற்றமும் இடமும் ஒரே தொடரில் சேரும்போதுதான் மொழிபெயர்ப்பின் விளைவு மக்கள் வாழ்வைத் தொடுகிறது. ‘நேட்டிவ்’ என்பது பிறத்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையின் வழி வந்தது. நாட்டினத்தைக் குறிக்கும் ‘நேஷன்’, இயற்கையைக் குறிக்கும் ‘நேச்சர்’ என்பவும் அதன் உடன்பிறப்புகள். ஆனால் இந்திய ஆங்கிலத்தில் ‘நேட்டிவ் பிளேஸ்’ என்பது பிறந்த இடமன்று. முன்னோர் வாழ்ந்த சொந்த ஊர். தலைப்பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கத்தால் பலருக்குப் பிறந்த ஊர் தாயின் ஊராகவும், சொந்த ஊர் தந்தையின் ஊராகவும், வாழும் ஊர் வேறொன்றாகவும் அமைகின்றன. மேலும் ‘பிறந்த வீடு’ என்பது மணமான பெண்ணின் பெற்றோர் குடும்பத்தைக் குறிக்குமேயன்றி அவள் பிறந்த கட்டடத்தைக் குறிப்பதன்று.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிறந்த இடத்தைக் கேட்டதோடு, 1971 முதல் கடைசியாக வசித்த இடத்தையும் தனி வினாவாகக் கேட்டது. இடப்பெயர்ச்சியைக் கணிக்க இவ்விரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். முதல் வினா ‘உங்கள் சொந்த ஊர் எது?’ எனத் தமிழில் கேட்கப்படுமாயின், பெறப்படும் விடை பிறப்பிடமும் ஆகாது, வசிப்பிடமும் ஆகாது.

சட்டத்தில் இதன் பளு மிகுதி. அரசமைப்பின் 15ஆம் உறுப்பு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு வேற்றுமை காட்டலாகாது என்கிறது. அரசு வேலைவாய்ப்புப் பற்றிய 16ஆம் உறுப்பு இவற்றோடு மரபுவழியையும் வசிப்பிடத்தையும் சேர்த்துக் கூறுகிறது. ஒன்றில் உள்ள சொல் மற்றொன்றில் இல்லாமை தற்செயலானதன்று. மத்திய பாரத மாநிலத்து மருத்துவக் கல்லூரியொன்றில் அம்மாநிலத்தவர் அல்லாதாரிடம் மட்டும் கூடுதல் கட்டணம் பெற்றது பற்றிய வழக்கில், 1955இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக, வசிப்பிடமும் பிறப்பிடமும் வேறு வேறு எனக் கொண்டு அவ்விதியை நிலைநிறுத்தியது. ஒரு மாணவர் செலுத்தவேண்டிய கட்டணம் இரு இடப்பெயர்களின் வேறுபாட்டில் தங்கியிருந்தது.

‘டொமிசைல் ஆஃப் ஆரிஜின்’ என்னும் தொடர் இன்னும் கூர்மையான சான்று. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, முறையான மணத்தில் பிறந்தவருக்கு இது, அவர் பிறந்தபோது அவருடைய தந்தை எந்நாட்டில் நிலைகுடி கொண்டிருந்தாரோ அந்நாடு. தந்தை இங்கிலாந்தில் நிலைகுடி கொண்டவராயின், குழந்தை எந்நாட்டில் பிறந்தாலும் அதன் தோற்றவழி நிலைகுடி இங்கிலாந்தே என்பது அச்சட்டம் காட்டும் விளக்கம். ‘ஆரிஜின்’ என்பதைப் பிறப்பு எனவும் ‘டொமிசைல்’ என்பதை இடம் எனவும் கொண்டு ‘பிறப்பிடம்’ எனப் பெயர்த்தால், அது சட்டத்தின் பொருளை நேர்மாறாக்கும். சட்டம் விலக்கியதையே மொழிபெயர்ப்பு கூறிவிடும். அசையும் சொத்தின் மரபுரிமை எந்நாட்டுச் சட்டத்தின்படி செல்லும் என்பதே அதனால் மாறுபடும்.

இங்குத் தமிழின் ‘குடி’ என்னும் சொல் கைகொடுக்கிறது. காரைக்குடி, மன்னார்குடி என ஊரையும், குடிப்பிறப்பு என மரபையும், குடியிருப்பு என வசிப்பையும், குடியுரிமை என நாட்டுரிமையையும் அது குறிக்கும். வீட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘டொமிசைல்’ என்பதற்கு ‘நிலைகுடி’ பொருந்துவது இதனால்தான். ‘தந்தைவழி நிலைகுடி’ என்பது 7ஆம் பிரிவின் கருத்தைத் தெளிவாகவே தரும். எனினும் மணத்துக்குப் புறம்பாகப் பிறந்தவருக்குத் தாயின் நிலைகுடியே கொள்ளப்படுவதால், பொதுத் தொடராகத் ‘தோற்றவழி நிலைகுடி’ என்பதே ஏற்றது.

5. மொழிபெயர்ப்பு நெறி

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொடக்கச் சொல்லைக் கண்டவுடன் ‘எதன் தொடக்கம்?’ என வினவுதல் வேண்டும். ஆறு, பனுவல், உயிரினம், சரக்கு என எதுவோ, அதற்கேற்பவே தமிழ்ச் சொல் அமையும். இரண்டாவது, அது முடிந்த நிகழ்ச்சியா, தொடரும் வரவா எனப் பார்த்தல் வேண்டும். தோற்றமும் ஊற்றும் இங்குப் பிரியும். மூன்றாவது, ஒரே பனுவலில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் எதிர்நிலையில் நிற்குமாயின், தமிழிலும் இரண்டு சொற்கள் நின்றாக வேண்டும். தனித்தனியே நோக்கும்போது பொருந்தும் ஒரு சொல், இரண்டுக்கும் ஆளப்படும்போது வாதத்தையே அழித்துவிடும். 15, 16ஆம் உறுப்புகள் இதற்குச் சான்று.

6. முடிவுரை

தொல்காப்பியம் அகப்பொருளைப் பகுக்குமிடத்து நிலத்தையும் பொழுதையும் ‘முதல்’ என்றது. கருவும் உரியும் அதன் பின்னரே. தொடக்கம் குறிக்கும் சொல்லொன்று இடத்துக்கும் காலத்துக்கும் பொதுப்பெயராக நின்ற மொழி தமிழ். எனவே இடம், தோற்றம் என்பவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டத் தமிழுக்குச் சொல் பற்றாது எனக் கூற இடமில்லை. தமிழில் சொற்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் எப்பொருளின் தொடக்கத்துக்கு, எவ்வகை இடத்துக்கு உரியது என்னும் எல்லைதான் ஆட்சி ஆவணங்களிலும் பாடநூல்களிலும் இன்னும் உறுதிப்படவில்லை. கலைச்சொல் தொகுப்போர் அருஞ்சொற்களோடு நில்லாமல் இத்தகைய பொதுச்சொற்களுக்கும் சூழல்வாரியாக எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் பட்டியல் அமைத்தல் வேண்டும். கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புவோருக்கும், தீர்ப்பைத் தமிழில் படிக்க விழைவோருக்கும் அப்பட்டியல் பயன்தரும்.